லெஃப்டெரிசுக்கு ஒரு கேட்ச் பாக்கி

என் அக்காவின் கணவர் மணிவாசகத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதைத் தூக்கிப் போட்டாலும் இரண்டு கையையும் குவித்துப் பிடிப்பார். பிடித்ததும் கையை விரித்து, போட்டவரிடம் அந்தப் பொருளைக் காட்டுவார். சமையலறையிலிருந்து அக்கா எலுமிச்சம்பழத்தை வீசினால் அதைக் காட்டுவார். கார்ச் சாவியைக் காட்டுவார். ஜான்-டலோன் சந்தையில் தக்காளிக்காரர் கொசுறாக ஒரு பழத்தை வீசினாலும், வந்து சேர்ந்தது என்று சொல்வதுபோல் உள்ளங்கையை ஒரு தரம் நீட்டிவிட்டுத்தான் பைக்குள் போடுவார். நான் மொன்றியலுக்கு வந்த 1971ஆம் வருஷத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏதோ விளையாட்டுப் புத்தி என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது ஒரு சட்டம் என்று தெரிய எனக்கு ஒரு பேஸ்பால் மேட்ச் தேவைப்பட்டது.

அத்தானும் நாங்களும் ஒரே இடத்துக்காரர்கள்தான், திருச்சி பொன்மலை. அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ரயில்வே பணிமனையில் ஒரே ஷெட்டில் ஃபிட்டர்கள். அத்தான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு, 1967இல் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோது மொன்றியலில் வந்து இறங்கினார். டோர்வலில் விமான உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வரைபடப் பிரிவில் வேலை. அடுத்த வருஷம் அனுசூயா அக்கா வந்தாள். பிறகு நான், மெக்கில்லில் வேதியியல் ஆராய்ச்சிக்கு. இரண்டு குடும்பத்திலும் கல்லூரிப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அதனால் எல்லாம் தெரிந்தவள்போல நடந்துகொள்ள வேண்டியிருந்தது. உள்ளுக்குள் எதுவும் நிச்சயமில்லை. ‘நீ பார்த்தாயா, பார்த்ததாக நினைக்கிறாயா?’ என்று என் பேராசிரியர் அடிக்கடி கேட்பார். நான் தடுமாறுவேன். அத்தான் எதற்கும் தடுமாறி நான் பார்த்ததில்லை. அந்த நிச்சயம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் வீடு பார்க் எக்ஸ்டென்ஷனில், வைஸ்மன் தெருவில். அப்போது அந்தத் தெரு முழுக்கக் கிரேக்கர்கள். தெருக்கோடியில் லெஃப்டெரிஸ் என்பவரின் மளிகைக் கடை, ஒலிம்பியா. அதைத் தாண்டிப் போனால் ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு சின்ன மைதானம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஜாரி பூங்கா. எக்ஸ்போஸ் என்ற பேஸ்பால் அணி 1969இல் அங்கே ஆட ஆரம்பித்தபோது கூட்டத்தின் இரைச்சல் எங்கள் பால்கனி வரை வரும் என்று அக்கா சொல்வாள். அந்த இரைச்சலைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தப் பக்கத்துக்காரர்களும் ஒரு அணி வைத்துக்கொண்டார்கள். சமையல்காரர்கள், பெயின்டர்கள், ஒரு பஸ் டிரைவர், ஒரு பல் டாக்டரின் உதவியாளர். சட்டையின் முதுகில் ஒலிம்பியா என்று கடையின் பெயர். சட்டை வாங்கிக் கொடுத்தவர் லெஃப்டெரிஸ். அணியின் தலைவரும் அவர்தான், பந்து எறிபவரும் அவர்தான்.

அத்தான் அதில் சேர்ந்த கதையை அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சந்தையிலிருந்து ஒரு கையில் காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தார். மைதானத்திலிருந்து பந்து ஒன்று எகிறி நேராக அவர் முகத்துக்கு வந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையால் பிடித்தார். பிடித்து, கையை விரித்து, மைதானத்தில் இருந்தவர்களிடம் காட்டினார். பேஸ்பால் பந்தை வெறுங்கையால் பிடிப்பவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், அல்லது தங்கள் அணியில் இருக்க வேண்டும் என்று லெஃப்டெரிஸ் முடிவு செய்துவிட்டார். கத்தரிக்காய்களைப் பொறுக்கிக் கொடுத்தவரும் அவரே.

முதல் மாதம் அத்தான் ஆடியது பேஸ்பால் இல்லை, பொன்மலை கிரிக்கெட். பந்தை அடித்துவிட்டு பேட்டையும் தூக்கிக்கொண்டு ஓடுவார். மற்றவர்கள் பேட்டைப் போடு, பேட்டைப் போடு என்று நாலு மொழியில் கத்துவார்கள். ஒரு தரம் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். ஓட்டமில்லை என்று கையை வேறு காட்டினார். பேஸ்பாலில் அடித்தால் ஓடியே ஆக வேண்டும். எதிரணிக்காரர் நிதானமாக நடந்து வந்து பந்தை எடுத்து அவரை அவுட் ஆக்கினார்.

“ஏன் ஓடலை?” என்று லெஃப்டெரிஸ் கேட்டாராம்.

“ஓடினா ரன் அவுட் ஆயிருப்பேன்.”

“ஓடாம அவுட் ஆனது மட்டும் நல்லாருக்கா?”

அவர்கள் பேசிக்கொண்டது பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. என் காதில் அது தமிழாகத்தான் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

மட்டை அடிப்பதில் அத்தான் கடைசி வரை சுமார்தான். ஆனால் தூரத்தில், இடது கோடியில் நிறுத்திவிட்டால் அவரைத் தாண்டிப் பந்து போகாது. அடித்த சத்தத்தைக் கேட்டதுமே திரும்பி ஓட ஆரம்பித்துவிடுவார். நான் வந்தபோது அவர் அந்த இடத்தின் நிரந்தரக் குடித்தனக்காரர்.

எங்கள் தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடும். டாக்டர்கள், பேராசிரியர்கள், இன்ஜினியர்கள். வெஸ்ட் ஐலண்டில் வீட்டு விலை, ஊரில் மழை, யார் பையனுக்கு என்ன மார்க். அத்தான் சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார், கார் டிக்கியில் பேஸ்பால் கையுறை இருக்கும். இதய மருத்துவர் ரவிசங்கர் ஒரு தரம் வாசல் வரை வந்து வம்பிழுத்தார்.

“என்ன மணி, எக்ஸ்போஸ்லேர்ந்து ஆள் அனுப்பிட்டாங்களா?”

“கூப்பிட்டாங்க சார். லெஃப்டெரிஸ் விடமாட்டேன்னுட்டான்.”

“மளிகைக் கடைக்காரன் பேச்சைக் கேட்டு நாசமாப் போறீங்க.”

“நீங்க வாங்க சார், உங்களுக்கும் ஒரு சட்டை இருக்கு. வயித்துக்கிட்டதான் கொஞ்சம் பிரிச்சுத் தைக்கணும்.”

1974ஆம் வருஷக் கோடையைச் சொல்ல வேண்டும். அணி தொடங்கியதிலிருந்து லீக் கோப்பையை ஒலிம்பியா வாங்கியதேயில்லை. கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை. அதில் ஒரு பக்கம் புனிதர் படம், இன்னொரு பக்கம் ரேடியோ. நடுவில் காலி. கோப்பைக்கான இடம் அது. மாவு மூட்டை வைக்கக்கூட வேறு இடமில்லாத கடையில் அந்த ஒரு சாண் மட்டும் காலியாக இருந்தது. அங்கே ஒரு ஜாடியை வைக்கப்போன தன் மனைவியை லெஃப்டெரிஸ் திட்டியதை நானே கேட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் லெஃப்டெரிசின் தோள் கெட்டுப்போயிருந்தது. பால் பெட்டியை இடது கையால் மட்டுமே தூக்கினார். இந்தக் கோடையோடு பந்து எறிவதை நிறுத்தாவிட்டால் கையே தூக்க வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ‘அப்ப இந்தக் கோடை இருக்கில்ல’ என்று சொல்லிவிட்டு வந்தாராம். ஆகஸ்டு கடைசியில் ஒலிம்பியா இறுதி ஆட்டத்துக்கு வந்தபோது, அது லெஃப்டெரிசின் கடைசி ஆட்டம் என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது. ஞாயிறு மத்தியானம். கடைக்கு எதிரே இருந்த முடிதிருத்தகம்கூடப் பூட்டிக் கிடந்தது. அக்காவும் நானும் மடக்கு நாற்காலி எடுத்துக்கொண்டு போனோம்.

ஆட்டம் முழுவதையும் விவரிக்க எனக்குத் தெரியாது. கடைசி இன்னிங்ஸ் மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. ஒலிம்பியா ஒரு ஓட்டம் முன்னால். எதிரணியில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவர் அவுட் ஆனால் கோப்பை. ஆனால் அவர்களுடைய ஓட்டக்காரர்கள் இரண்டு பேர் இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில், அதாவது ஓடிப் போய் நிற்கும் திண்டுகளில், காத்திருந்தார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் இருவரும் ஓடி வந்துவிடுவார்கள், இரண்டு ஓட்டம். மட்டையோடு நின்றவர் நோர்மாண், தபால்காரர், நல்ல அடிகாரர். லெஃப்டெரிஸ் ஒவ்வொரு பந்து எறிந்த பிறகும் தோளை இடது கையால் பிடித்து அழுத்திக்கொண்டார்.

நோர்மாண் அடித்தார். பந்து தாழ்வாக, அத்தானுக்கு முன்னால் விழுகிற மாதிரி போயிற்று. அத்தான் ஓடி வந்து குப்புற விழுந்தார். புழுதி. எழுந்து நின்றபோது கையுறைக்குள் பந்து இருந்தது.

அம்பயர் ஒரே ஒருவர், கெய்த்தான் என்ற பெரியவர். மட்டைக்காரருக்குப் பின்னால், வெகு தூரத்தில் நின்றிருந்தார். முஷ்டியை உயர்த்தி அவுட் என்றார். அதற்குள் இரண்டு ஓட்டக்காரர்களும் கோட்டைத் தாண்டியிருந்தார்கள், யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லாரும் லெஃப்டெரிசின் மேல் போய் விழுந்தார்கள். பஸ் டிரைவர் அழுதார். அக்கா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அத்தான் மட்டும் நடந்து வந்துகொண்டிருந்தார். ஓடி வரவில்லை. நேராக கெய்த்தானிடம் போய், கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கையில் பந்தை வைத்து விரித்துக் காட்டினார்.

“தரையில தொட்டுருச்சு.”

கெய்த்தானுக்கு யாரானாலும் ‘மிஸ்யூ’தான், பிரெஞ்சில் ஐயா. “மிஸ்யூ, நான் அவுட் குடுத்தாச்சு.”

“நீங்க தூரத்துல இருந்தீங்க. நான் கிட்டத்துல இருந்தேன். தொட்டுட்டுத்தான் வந்துச்சு.”

லெஃப்டெரிஸ் கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தார். “குடுத்த அவுட் குடுத்ததுதான். அவன் சொல்றதைக் கேக்காதே. அவன் ஊர்ல இந்த ஆட்டமே கிடையாது.”

“பிடிச்சவரே பிடிக்கலைங்கறார். நான் மட்டும் பிடிச்சார்னு எப்படிச் சொல்றது?” என்றார் கெய்த்தான். சிறிது நேரம் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தார். அவுட் இல்லை. இரண்டு ஓட்டமும் செல்லும். ஒலிம்பியா தோற்றுவிட்டது.

லெஃப்டெரிஸ் ஆணி வைத்த காலணியோடு மைதானத்தை விட்டு இறங்கி, தெருவில் நடந்து போனார். சிமென்ட் நடைபாதையில் அந்தச் சத்தம் கடை வரை கேட்டது.

வீட்டில் அக்கா தட்டை வைத்த வேகத்தில் ரசம் சிந்தியது.

“ஊரே கூடிக் குடுத்ததைத் திருப்பிக் குடுத்துட்டு வந்திருக்காரு. நாளைக்கு தயிர் வாங்க நான் எந்த மூஞ்சியோட அந்தக் கடைக்குப் போறது? நீங்களே போயிட்டு வாங்க.”

“போறேன்.”

நான் கேட்டேன். “அத்தான், நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?”

“யாருக்கும் தெரிஞ்சிருக்காது. கெய்த்தான் கண்ணாடி மாத்தணும்.”

“பின்ன ஏன்?”

“பின்ன என்ன. தொட்டுச்சு.”

பிறகுதான் பொன்மலைச் சட்டத்தைச் சொன்னார். ரயில்வே காலனி மைதானத்தில் அம்பயர் கிடையாது. ஆடுகிறவர்களே மாற்றி மாற்றி நிற்பார்கள், அதுவும் மட்டை பிடிக்கிற அணிக்காரன். தாழ்வான கேட்ச் என்றால் சண்டைதான். ஆனால் மறுநாள் காலை ஷெட்டில் சண்டை போட்ட இருவரும் ஒரே இரும்பின் இரண்டு முனையைப் பிடித்தாக வேண்டும். சண்டையோடு வேலை செய்தால் விரல் போகும். அதனால் பிடித்தவன் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். கையை விரித்துக் காட்டிச் சொன்னால் அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. பொய் சொன்னது தெரிந்தால் அடிக்க மாட்டார்கள். பந்தே வராத மூலையில் அவனை ஒரு வருஷம் நிற்க வைப்பார்கள். என் அப்பாவும் அப்படி ஒரு வருஷம் நின்றார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அக்கா சிரித்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அங்க ரெண்டு பக்கமும் அந்தச் சட்டத்துக்கு ஒத்துக்கிட்டாங்க, அத்தான். இங்க யாரும் ஒத்துக்கலையே. நோர்மாண் பிடிச்சிருந்தா சொல்லியிருப்பாரா? அதுவும் போகட்டும். உண்மையைச் சொன்னது நீங்க, தோத்தது லெஃப்டெரிஸ். அவரோட கடைசி ஆட்டத்தைக் குடுக்கறதுக்கு நீங்க யாரு?”

கேட்டபிறகு எனக்கே பயமாக இருந்தது. அத்தான் கோபித்துக்கொள்ளவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை தயிர் வாங்க அவர் போனார். நானும் கூடப் போனேன். லெஃப்டெரிஸ் தயிர் டப்பாவை எடுத்துக் கல்லாவில் வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமல் நின்றார். மேலே பலகையில் அந்த ஒரு சாண் இடம் அப்படியே இருந்தது.

“உனக்கு நான் ஒரு கேட்ச் பாக்கி, லெஃப்டெரிஸ்” என்றார் அத்தான்.

“இந்தக் கடையில கடன் கிடையாது. கதவுல போர்டு மாட்டியிருக்கேன்.”

“படிச்சேன். இருந்தாலும் பாக்கிதான்.”

லெஃப்டெரிஸ் அப்போதுதான் திரும்பினார். “அப்படின்னா கேட்டுக்கோ. என் கையிலேர்ந்து போன பந்தா இருக்கணும். ஆட்டத்துல இருக்கணும். நீ அதைச் சுத்தமாப் பிடிக்கணும். வேற எதைக் குடுத்தாலும் வாங்கிக்க மாட்டேன்.”

“சரி.”

“என் தோள் முடிஞ்சுபோச்சு. அதுவும் தெரியுமில்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் சரின்னியா?”

“தெரிஞ்சுதான்.”

குளிர்காலம் முழுக்க அணியில் யாரும் வீட்டுக்குப் போன் செய்யவில்லை. அத்தானை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றே நான் நினைத்தேன். மே மாதம் முதல் பயிற்சிக்கு அவராகவே போய் நின்றார். பந்து எறிய இப்போது வேறு ஆள். லெஃப்டெரிஸ் வலது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

“லெஃப்ட் ஃபீல்டுல ஆள் இல்லை. போய் நில்லு” என்றார். அத்தான் நகர்ந்ததும் எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னார், “கோபம் போச்சுன்னு யாரும் நினைக்காதீங்க. பாக்கி வச்சவனைக் கண் பார்வையிலேயே வச்சுக்கணும்.”

அதன்பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. முதல் ஆட்டத்திலேயே இடது கோடியில் தாழ்வாக ஒரு பந்து விழுந்தது. கெய்த்தான் எட்டிப் பார்த்தார், தெரியவில்லை. கையை வாயருகே வைத்து, “மிஸ்யூ மணி?” என்று கூவினார். அத்தான் கையை விரித்து, தலையை அசைத்தார். தொட்டுவிட்டது. அடுத்த ஆட்டத்திலும் கேட்டார். அப்போது பிடித்திருந்தது. எதிரணிக்காரர் வாயைத் திறக்கவில்லை. கோடை முடிவதற்குள் லீக்கில் எல்லா அம்பயர்களும் இடது கோடியில் சந்தேகம் வந்தால் அவரைத்தான் பார்த்தார்கள். எதிரணிப் பெஞ்சில் இருந்தவர்கள் கேலி செய்வார்கள், “இன்னிக்கு அம்பயருக்கு எதுக்குச் சம்பளம்? அதோ லெஃப்ட் ஃபீல்டுல நிக்கறாரே.” ஆனால் அவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் பெஞ்சுக்குத் திரும்பிப் போவார்கள். நோர்மாணும் அப்படிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

என் கேள்விக்கு இது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு யாரும் ஒத்துக்கொள்ளாத சட்டத்துக்கு, ஒரு வருஷம் கழித்து எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதற்கான விலையில் முதல் தவணையைக் கட்டியவர் லெஃப்டெரிஸ். அவரை யாரும் கேட்டுக்கொண்டு கட்ட வைக்கவில்லை. அந்த நியாயக் கணக்கு எனக்கு இன்னும் நேராகவில்லை.

1976இல் கோப்பை வந்தது. அதே மைதானம், அதேபோலக் கடைசி அவுட், இடது கோடியில் இடுப்புக்குக் கீழே ஒரு பந்து. அத்தான் புரண்டு எழுந்தார். கெய்த்தான் முஷ்டியைத் தூக்கவில்லை, கையை விரிக்கவும் இல்லை. “மிஸ்யூ மணி?” என்றார்.

அத்தான் உள்ளங்கையை நீட்டினார். “பிடிச்சேன்.”

எதிரணித் தலைவர் தன் தொப்பியைக் கழற்றிவிட்டு வரிசையில் வந்து கை கொடுத்தார். ஒருவரும் தகராறு செய்யவில்லை. பார்வையாளர்களில் ஒருத்தி மட்டும் சத்தமாக, “அவன் சொன்னா சரியா?” என்று கேட்டாள். அவள் கணவரே அவளை உட்கார வைத்தார், “ரெண்டு வருஷம் முன்னால நீ இங்க இல்லை.” 

சாயங்காலம் கடையில் கோப்பையைப் பலகையில் வைத்தார்கள். புனிதருக்கும் ரேடியோவுக்கும் நடுவில் அளவெடுத்தாற்போல் பொருந்தியது. எல்லாருக்கும் ஆலிவும் பாலாடைக்கட்டியும். லெஃப்டெரிஸ் அத்தானைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். அத்தான் காதுவரை சிவந்துபோனார். அக்கா அதை அடுத்த ஞாயிறு கூட்டத்தில் எல்லாருக்கும் நடித்துக் காட்டினாள்.

“சரியாப்போச்சா?” என்று அத்தான் கேட்டார்.

லெஃப்டெரிஸ் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “கோப்பை வந்துச்சு. அது அணிக்கு. அந்தப் பந்து என் கையிலேர்ந்தா போச்சு?”

“இல்லை.”

“அப்ப எதுக்குக் கேக்கறே?”

அடுத்த வருஷம் எக்ஸ்போஸ் ஜாரி பூங்காவை விட்டு ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து இரைச்சல் நின்றுபோயிற்று. மொழிச் சட்டம் வந்தது. ஆங்கிலக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக டொரன்டோவுக்குக் கிளம்பின. 1978இல் அத்தானின் கம்பெனியும் கிளம்பியது, வரைபடப் பிரிவு முழுக்க. ஞாயிறு கூட்டத்தில் எல்லாரும் புலம்பினார்கள். அத்தானிடம் புலம்பல் இல்லை. டொரன்டோவிலும் மைதானம் இருக்கும் என்றார். நான் ஆராய்ச்சியை முடித்து இங்கேயே ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். வைஸ்மன் தெரு வீட்டை நான் எடுத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு ஒலிம்பியாக்காரர்கள் ஒரு வழியனுப்பு ஆட்டம் வைத்தார்கள். இரண்டு பக்கமும் கலந்து ஆடினார்கள். நோர்மாண் அப்போது லொங்குய்யில் வீடு வாங்கிப் போயிருந்தார். மெட்ரோ பிடித்து ஆற்றைத் தாண்டி வந்தார். ‘அந்தப் பந்தை அடிச்சவன் நான்தானே, நான் இல்லாம எப்படி?’ என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று.

ஆட்டத்தின் கடைசியில் லெஃப்டெரிஸ் பாக்கெட்டிலிருந்து வலது கையை வெளியே எடுத்தார். எறியும் மேட்டின்மேல் ஏறினார். அவர் மனைவி கடையிலிருந்து ஓடி வந்து கிரேக்க மொழியில் ஏதோ சொன்னாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“மணி,” என்று கூப்பிட்டார், “வசூலுக்கு வந்திருக்கேன்.”

அத்தான் இடது கோடியில் நின்று கையுறையைக் குத்திக்கொண்டார்.

முதல் பந்து நோர்மாணுக்கு எட்டாமல் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. லெஃப்டெரிஸ் தோளைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் குனிந்து நின்றார். போதும் என்று கெய்த்தான் சொன்னார். போதாது என்றார் லெஃப்டெரிஸ். மூன்றாவது பந்து தொய்ந்து, ஆனால் சரியான உயரத்தில் வந்தது. நோர்மாண் பதமாக அதைத் தூக்கி அடித்தார். யாருக்கு அடித்தார் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் தண்டவாளத்துப் பக்கமிருந்து காற்று. நின்ற இடத்தில் வாங்க வேண்டிய பந்து முன்னால் சரிந்தது. அத்தான் ஓடினார். நாற்பதைத் தாண்டிய ஆள், தொப்பை வேறு வந்துவிட்டது. குப்புற விழுந்தார். அதே புழுதி. எழுந்தபோது பந்து கையுறையில் இருந்தது.

கெய்த்தான் இந்தத் தடவை கேட்கவில்லை. முஷ்டியைத் தூக்கிவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா, “அப்பாடா” என்றாள்.

அத்தான் கையுறையைக் கழற்றினார். பந்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நடந்து வர ஆரம்பித்தார்.

“வேண்டாம்,” என்றாள் அக்கா, எனக்கு மட்டும் கேட்கும்படி. “இன்னிக்கு வேண்டாமே.”

லெஃப்டெரிசுக்கு முன்னால் போய் நின்று கையை விரித்தார். “தொட்டுருச்சு.”

கை தட்டல் ஒவ்வொன்றாக நின்றது. நோர்மாண் பேட்டைத் தரையில் ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். லெஃப்டெரிஸ் அந்தப் பந்தையும் அத்தான் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது கோப்பைக்கு ஆடற ஆட்டம் இல்லை, மணி. நாளன்னிக்கு நீ ஊரை விட்டே போறே.”

“ஆமா.”

“பிடிச்சேன்னு சொல்லு. நான் வாங்கிக்கறேன்.”

“சுத்தமாப் பிடிக்கணும்னு சொன்னது நீதான்.”

“இன்னொரு பந்து போடறேன்.” கையைத் தூக்கப் பார்த்தார். தோள் உயரத்துக்குமேல் வரவில்லை. மறுபடி முயன்றார். பிறகு கையைத் திரும்பவும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். “என் கடையில பாக்கி வச்சுட்டு ஊரை விட்டுப் போற முதல் ஆள் நீதான். போ. டொரன்டோ போ.”

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் கேட்டேன். “நிஜமாவே தொட்டுச்சா, அத்தான்?”

“நீ பாத்தியா?”

“இல்லை. தூரத்துல இருந்தேன்.”

“அப்ப நான் சொன்னதுதான்.”

முன்னால் போய்க்கொண்டிருந்த அக்கா திரும்பினாள். “எனக்கென்னவோ தொடலைன்னுதான் தோணுது. பாக்கி தீந்துட்டா அப்புறம் இந்தத் தெருவுக்கு வரதுக்கு இவருக்கு என்ன சாக்கு இருக்கு?”

அத்தான் கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். அது எந்த மாதிரி மௌனம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பந்து தொட்டிருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். பார்த்தேனா, பார்த்ததாக நினைக்கிறேனா என்று கேட்டால் இரண்டும் இல்லை. அவர் கையை விரித்தார், அதற்குமேல் கேட்கக்கூடாது. பொன்மலை மூலையில் ஒரு வருஷம் நின்றவரின் மகள் நான். இந்த ஒன்றிலாவது தடுமாறாமல் இருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இப்போது சனிக்கிழமைகளில் அத்தான் டொரன்டோவிலிருந்து போன் செய்வார். வீட்டு வாடகை, பனி, என் கல்யாணம் எல்லாம் அக்காவின் இலாகா. அவர் கேட்பது ஒன்றுதான். “லெஃப்டெரிஸ் தோள் எப்படி இருக்கு?”

நான் தயிர் வாங்கப் போகும்போது அதைக் கேட்கிறேன். லெஃப்டெரிஸ் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி வலது கையை மெல்லத் தூக்கிப் பார்ப்பார். புனிதர் படம் இருக்கும் பலகை வரை போகும், அதற்குமேல் போகாது.

“அடுத்த கோடையில வந்து நிக்கச் சொல்லு” என்பார். “பாக்கி அப்படியே இருக்கு.”